செத்த மரத்து இருவாச்சி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களுக்கு முதல் நாளே ஒரு டி-ஷர்ட் கொடுத்திருப்பார்கள். பச்சை நிறம், முதுகில் பெரிய மூக்குள்ள ஒரு பறவையின் படம். அந்தப் பறவையின் பெயர் டூக்கான். அது தென் அமெரிக்காவில் இருக்கிறது. நம் சரணாலயத்தில் இருப்பது இருவாச்சி. இரண்டுக்கும் மூக்கு பெரிது, ஆகவே இரண்டும் ஒன்றுதான் என்று எந்தப் புண்ணியவானோ முடிவு செய்து அச்சடிக்கக் கொடுத்துவிட்டார். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது நான் சொன்னேன். “யாருக்குக்கா தெரியப் போகுது?” என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி. அதைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள், மரம் நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்று பாலோ என்ற ஊரில் வீட்டோடு இருக்கிறேன். கள மேலாளராக இருந்தவர் நீங்கள், புதுப் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். ஊக்கம் தரும் சரக்கு என்னிடம் அதிகம் கிடையாது. தீக்குப் பிறகு அந்தக் காட்டை மறுபடி எழுப்பிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். படித்துவிட்டு ஊக்கம் வந்தால் அது உங்கள் சாமர்த்தியம்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பத்து பாகாட்டுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவில் நம் காடு நிற்கும் இடத்தில் இருப்பதை மண் என்று சொல்வதே தப்பு. இலையும் வேரும் தண்ணீருக்கடியில் காலங்காலமாக ஊறிச் சேர்ந்தது அது. மலாய் மொழியில் காம்புட் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் விறகு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்காக வெட்டிய கால்வாய் நம் காட்டுத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு வறட்சியில் யாரோ சாலையோரம் குப்பை கொளுத்தினார்கள். தீ மரத்தில் ஏறியதைவிடத் தரைக்குள் இறங்கியதுதான் அதிகம். மேலே தண்ணீர் அடித்தால் அடியில் புகையும். இங்கே அணைத்தால் அங்கே கிளம்பும். கடைசியில் அதை அணைத்தது மழைதான். அணைத்தவர்கள் என்று மேடையில் சால்வை வாங்கிக்கொண்டவர்கள் வேறு.

தீ அணைந்ததும் எல்லாருக்கும் மரம் நடும் ஆசை வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள், பள்ளிக்கூடங்கள் வந்தன. ஒரு வங்கி தன் பெயர் போட்ட தொப்பியோடு வந்தது. காய்ந்த காம்புட்டில் குழி தோண்டி, கன்றை வைத்து, அதன் பக்கத்தில் குந்தியிருந்து படம் எடுத்துக்கொண்டு, நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கன்றுகள் செத்தன. அடுத்த கூட்டம் வந்து அதே குழியில் நட்டது. அவையும் செத்தன. தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவராமல் நட்டால் சாகும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். கால்வாயை அடைக்க ஆள் கேட்டேன். ஒருவர்கூட வரவில்லை. சேற்றில் இடுப்பளவு நின்றுகொண்டு மணல் மூட்டை அடுக்குவது படத்தில் நன்றாக இருக்காதாம்.

நானும் என்னோடு வேலை பார்த்த ரேஞ்சர் அஸ்மானும் பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, ஆட்கள் சிலரும் அடைத்தோம். தண்ணீர் மெல்ல ஏறியது. ஏறிய இடத்தில் யாரும் நடாத செடியெல்லாம் தானாக முளைத்தது. இதற்காக யாரும் எங்களைப் பாராட்டவில்லை என்று நான் வருத்தப்படவில்லை. வருத்தப்பட்டேன், பொய் சொல்வானேன்.

ஆனால் செடி முளைத்தது மட்டும் போதாது என்ற நிலைமை வந்தது. நிலம் மாநில அரசுக்குச் சொந்தம். நிலத்து ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். அழியும் நிலையில் உள்ள பறவைகளுக்காகத்தானே இந்த இடத்தைக் கொடுத்தோம், பறவை எங்கே என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அந்த வருஷத்துக்குள் ஒரு இருவாச்சி ஜோடியாவது குஞ்சு பொரிக்காவிட்டால் சரணாலயம் என்ற பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரை எடுத்தால் நிலம் யாரிடம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் செம்பனை வரிசை தயாராக நின்றது.

இருவாச்சியைப் பற்றி உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். எதற்கும் நானும் சொல்லிவிடுகிறேன். டூக்கானைப் பற்றிச் சொல்லிவிட்டார்களோ என்னவோ. பெண் பறவை பெரிய மரத்துப் பொந்துக்குள் போய், வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். தன் எச்சம், தின்ற பழத்தின் சக்கை, இதெல்லாம்தான் சாந்து. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விட்டுவைக்கும். உள்ளே முட்டையிட்டு, இறகையெல்லாம் உதிர்த்துவிட்டு, மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பறக்க முடியாது. ஆண் பறவை பழம் பொறுக்கிக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். ஆண் வராவிட்டால் தாயும் குஞ்சும் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

எங்களிடம் மரம் இருந்தால்தானே பொந்து இருக்கும். பெரிய மரங்களில் முக்கால்வாசி வேர் வெந்து சாய்ந்துவிட்டது, கருகி நின்ற மிச்சத்தைச் செத்ததென்று ஒதுக்கிவிட்டோம். மரப்பெட்டிகள் செய்து உயரத்தில் மாட்டிவைத்தோம். அதற்கும் எங்கள் தலைவர், அரசாங்கம் கொடுத்த பட்டத்தை வைத்து அவரை டத்தோ என்றுதான் கூப்பிடுவோம், மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியவேண்டுமாம். எந்தப் பறவையும் எட்டிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

டத்தோ கெட்ட மனிதர் இல்லை. வியாபாரக் குடும்பம், பெரிய மனசு, சொந்தக் கைக்காசு போட்டு அந்தச் சரணாலயத்தை நடத்தியவர். ஆனால் எந்தக் காரியத்தையும் திறப்பு விழாவாகத்தான் அவரால் பார்க்க முடியும். காடு பாதிகூடத் தேறவில்லை, அதற்குள் மறுதிறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். சட்டமன்ற உறுப்பினர், அதாவது வைபி, வந்து மரம் நடுவார் என்று முடிவானது. வைபி வருகிறார் என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? சுத்தம் செய்வார்கள். புல்லை வெட்டுவார்கள், கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள். காட்டிலும் அதையேதான் செய்தார்கள். பலகை நடைபாதையின் இரு பக்கமும் கருகி நின்ற மரங்களை வெட்டித் தள்ளச் சொல்லி ஒரு குத்தகைக்காரரைப் பிடித்துவிட்டார் டத்தோ. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது ஒரு காரணம். விழுந்தால் ஆபத்து என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நான் இன்றும் மறுக்கமாட்டேன்.

குத்தகைக்காரர் ஆயர் ஈத்தாமைச் சேர்ந்த ஒரு சீன டௌக்கே, அதாவது முதலாளி. அவருடைய ஆட்கள் ரம்பத்தோடு ஒவ்வொரு மரமாக வந்துகொண்டிருந்த காலையில்தான் அஸ்மான் ஓடிவந்தார். வயதில் என்னைவிடச் சிறியவர், என்னைக் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்.

“காக், எங்காங்! ஆண் பறவை. தொண்டை நிறைய அத்திப்பழம். நடைபாதை வளைவில இருக்கிற அந்தக் கருகின மரத்துக்கிட்டதான் போச்சு” என்றார் மலாயில்.

எங்காங் என்பது இருவாச்சிதான். அந்த மரத்தை எனக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கரி, உச்சி முறிந்தது, ஓர் இலை கிடையாது. உயரத்தில் ஒரு பொந்து இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது தூரக் கண்ணாடியில் பார்த்தால் பொந்தைக் காணோம். பூசி அடைத்திருந்தது. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குள் ஏதோ அசைந்தது. மஞ்சள் பெட்டியெல்லாம் காலியாகத் தொங்க, நாங்கள் செத்தது என்று ஒதுக்கிய மரத்துக்குள் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

டௌக்கேயின் ஆட்கள் பக்கத்து மரத்தைச் சாய்த்துவிட்டு இதற்குக் கயிற்று ஏணிகூடக் கட்டிவிட்டார்கள். மேலே கிளையைக் கழித்துவிட்டுத்தான் அடியில் கை வைப்பார்கள். போய் நிறுத்தச் சொன்னேன்.

“செத்த மரம்லா இது” என்றார் டௌக்கே.

“உள்ள உசுரு இருக்கு.”

“டத்தோ வெட்டச் சொன்னாரு. நிறுத்தணும்னா டத்தோ சொல்லட்டும். சரி, நாங்க இப்ப தேத்தண்ணி குடிக்கப் போறோம். அதுக்குள்ள பேசிக்கோ.”

ஒரு பறவைக் குடும்பத்தை அன்று காப்பாற்றியது தேத்தண்ணி நேரம். அதற்கும் யாரும் சால்வை போர்த்தவில்லை.

இங்கே நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டத்தோவிடம் சொன்னால் மரம் பிழைக்கும். ஆனால் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ரம்பம். பொய்யாக வேறு காரணம் சொல்லலாமா என்று பார்த்தேன். குளவிக்கூடு என்று சொன்னால் மருந்து அடிக்க ஆள் அனுப்புவார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். யாரையும் கிட்டே விடாதீர்கள், விழாவை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

“சாரதா! இதுதான் நம்ம அதிர்ஷ்டம்!” என்று போனிலேயே கத்தினார் டத்தோ. “வெட்ட வேணாம்னு சொல்லு. வைபி கையால அந்த மரத்துக்கு ஒரு போர்டு வெச்சிடுவோம்!”

மரம் பிழைத்தது. தொல்லை அப்போதுதான் ஆரம்பித்தது.

விளம்பர வேலைக்கென்று பிரகாஷ் என்று ஒரு பையன் இருந்தான். சிங்கப்பூரில் ஏதோ படித்துவிட்டு வந்தவன். சுறுசுறுப்பு, மரியாதை, யாருக்கும் உதவி செய்வான். கெட்டவனாக இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். நல்லவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. விழாவுக்கு முந்தின நாள் காலை நான் கால்வாய்ப் பக்கம் போயிருந்தேன். கயிற்று ஏணியை அவிழ்த்துவிடும்படி டௌக்கேயின் ஆட்களிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் விழா முடிந்து அவிழ்க்கிறோம் என்று விட்டுவிட்டார்கள். விழாத் திரையில் போட உள்ளே இருக்கும் பறவையை ஒரு வீடியோ எடுத்தால் நன்றாக இருக்குமே என்று பிரகாஷ் ஏறிவிட்டான்.

நான் வந்தபோது அவன் கீழே நின்றிருந்தான். கையில் காய்ந்த சாந்துத் துண்டுகள்.

“என்னடா இது?”

“கெமரா நுழையலக்கா. ரொம்ப சின்ன ஓட்டை. கொஞ்சமா தட்டினேன், ஒரு பக்கம் அப்படியே பேர்ந்து வந்துடுச்சு.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதுக்கும் நல்லதுதானேக்கா. உள்ள காத்தே இல்ல, பாவம்” என்றான்.

மேலே பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் வாய் பிளந்த ஓட்டை. அதற்குள் ஓர் இருட்டும், இருட்டுக்குள் ஒரு கண்ணும். குரங்கோ பாம்போ நுழைய இனி எந்தத் தடையும் இல்லை. அந்தத் தாய்க்குப் பறக்க இறகு இல்லை. எதிர் மரத்தில் ஆண் பறவை அத்திப்பழத்தை அலகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கிட்டே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டது. அது போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் அவனை என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுதமுடியாது. அவன் அழுதுவிட்டான். எடுத்த வீடியோவை என் கண் முன்னாலேயே அழித்தான். அதோடு விட்டானா? “சிமெண்ட் கொண்டாந்து நானே பூசிடட்டுமாக்கா?” என்று கேட்டான். பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். தப்பு செய்தவனுக்கு உடனே இன்னொன்று செய்யாவிட்டால் தூக்கம் வராது.

அவனுக்கு மட்டுமா? செய்தி பரவிய வேகத்தில் மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. பலகை வைத்து அடைக்கலாம் என்றார் ஒருவர். பப்பாளி வெட்டிக் கம்பில் குத்தி ஊட்டலாம் என்றாள் ஆபீஸ் பெண். டத்தோ காரிலிருந்து இறங்கும்போதே தீர்மானத்தோடு வந்தார். “தாய், குஞ்சு ரெண்டையும் இறக்கி மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பிடலாம். அங்க டாக்டர் இருக்காரு, ஏசி இருக்கு.”

“காட்டுல குஞ்சு பொரிச்சாத்தான் நெலம் நெலைக்கும் டத்தோ.”

“செத்துப் போச்சுன்னா? நெலமும் போச்சு, பேரும் போச்சு. நாளைக்கு வைபி வர்றாரு, சாரதா. செத்த பறவையவா காட்டறது?”

பறவை மருத்துவர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. வேலையில் எனக்கு யாராவது குரு என்று இருந்தால் அவர்தான். அதுவும் அவர் எனக்கு எதையும் சொல்லித் தராததால். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

“நான் வரலாம். வந்து இறக்கலாம். இறக்கும்போது பயத்துலயே தாய் செத்துப் போகலாம். இறக்காம விட்டா திரும்பப் பூசலாம், பூசாமலும் போகலாம். உள்ள குஞ்சு சத்தம் கேக்குதா?”

“கேக்குது.”

“தாய் ஓட்டைப் பக்கம் வருதா, உள்ள பதுங்குதா?”

“பதுங்கித்தான் இருக்கு.”

“அப்ப அது இன்னும் அதை வீடுன்னுதான் நெனைக்குது. அங்க நிக்கிறது நீ. முடிவை நீ எடு.”

போனை வைத்துவிட்டார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அதனால்தான் அவர் சொல்லவில்லை என்று பின்னால் புரிந்தது.

எல்லாரும் போங்கள் என்றேன். ஏணியை அறுத்து எடுக்கச் சொன்னேன். பாதையைக் கயிறு கட்டி அடைத்தேன். ஒருவரும் ஏறக்கூடாது, ஊட்டக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது. நாளை பொழுது சாய்வதற்குள் ஆண் பறவை வந்து ஊட்டாவிட்டால் மருத்துவரை வரவழைத்து நானே ஏறுவேன். அதுவரை ஒன்றும் செய்யப்போவதில்லை.

“ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கா உனக்கு மேனேஜர்னு பேரு?” என்றார் டத்தோ.

“ஆமா டத்தோ.”

“செத்தா நீதான் பொறுப்பு. எல்லார் முன்னாலயும் சொல்றேன்.”

“சரி டத்தோ. நானும் எல்லார் முன்னாலயும் ஒத்துக்கறேன்.”

பெரிய வீராங்கனை மாதிரி சொல்லிவிட்டேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒரு தாயும் குஞ்சும் பட்டினியில் சாகும், அத்தனை காடும் செம்பனையாகும், அதை எழுதி ஒட்ட என் நெற்றிதான் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைப்போல முதுகு ஒடிக்கும் வேலை வேறு கிடையாது. மணல் மூட்டை அடுக்குவது அதைவிட எவ்வளவோ மேல்.

நானும் அஸ்மானும் தூரத்தில் மறைவாக உட்கார்ந்து பார்த்தோம். மத்தியானம் போனது. ஆண் வரவில்லை. மாலை வந்தது. எதிர் மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. ஓட்டைக்குள் மட்டும் ஏதோ அசைவு இருந்தது. அலகின் பக்கவாட்டால் ஓரத்தில் தட்டித் தட்டி எதையோ அப்பிக்கொண்டிருந்தாள் அந்தத் தாய். உள்ளே கிடந்த சக்கையும் எச்சமும்தான் அவளுக்கு இருந்த சாந்து. கொத்தனார் கரண்டி பிடிப்பதுபோல் ஒரே சீராக. யாரும் அவளுக்கு உதவி செய்ய வராததால் அவளால் வேலை பார்க்க முடிந்தது.

மறுநாள் விழா. நடைபாதை தொடங்கும் இடத்தில் பந்தல், ஒலிபெருக்கி, கொம்பாங் மேளம் அடிக்கும் குழு. அங்கிருந்து மரம் கூப்பிடு தூரம். இடத்தை மாற்ற டத்தோ ஒப்புக்கொள்ளவில்லை. அழைப்பிதழில் அச்சாகிவிட்டதாம். நான் காவல் சாவடியில் போய் நின்று வைபியின் காரைக் கைகாட்டி நிறுத்தினேன். கண்ணாடி இறங்கியது. மலாயில் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே ஓர் எங்காங் குஞ்சோடு இருக்கிறது, சத்தம் கேட்டால் ஆண் வராது, ஆண் வராவிட்டால் இரண்டும் செத்துவிடும், வைபி வந்த விழாவில் செத்தது என்று ஆகிவிடும். கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்.

வைபி வெயிலைப் பார்த்தார். தூரத்தில் பந்தலைப் பார்த்தார். தன் பூட்ஸைப் பார்த்தார்.

“இங்கயே நட்டுட்டா என்ன?” என்றார்.

காவல் சாவடிக்குப் பக்கத்தில், கார் நிறுத்தும் இடத்தில், ஒரு பூந்தொட்டியில் நட்டார். ஒலிபெருக்கி இல்லாமல் இரண்டு வார்த்தை பேசினார். கொம்பாங் குழுவுக்கு முதலில் சாப்பாடு போட்டு உட்காரவைத்தோம். இவ்வளவு சீக்கிரம் முடிந்த விழாவை வைபி தன் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். சிரித்த முகமாகப் போனார். டத்தோ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான் மறைவிடத்துக்கு ஓடினேன். அஸ்மான் வாயில் விரலை வைத்துக் காட்டினார். எதிர் மரத்தில் ஆண் உட்கார்ந்திருந்தது. ஓட்டை பாதிக்குமேல் அடைந்திருந்தது. அது கழுத்தை நீட்டிப் பார்த்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு இறக்கையை விரித்து அந்தச் செத்த மரத்துக்குத் தாவி, பட்டையைப் பற்றிக்கொண்டு, பிளவுக்குள் ஒரு பழத்தை வைத்தது. உள்ளிருந்து ஓர் அலகு வாங்கிக்கொண்டது. இன்னொரு பழம். இன்னொன்று. அஸ்மான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அலமாக், காக்” என்றார், நம் அடேயப்பா மாதிரி.

அதற்குப் பின்னால் பல வாரங்கள் பாதை மூடியே கிடந்தது. எத்தனை பேர் சிபாரிசோடு வந்தார்கள், தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறோம் என்று. எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. பிரகாஷ் மட்டும் தினமும் கயிற்றுக்கு வெளியே நின்று வருகிறவர்களிடம் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கெமரா இல்லாமல். அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதவேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

காட்டை மீட்டெடுத்ததற்காகப் பத்து பாகாட்டில் ஒரு ஹோட்டலில் டத்தோ மதிய விருந்து வைத்தார். பாராட்டுக் கேடயங்கள் உண்டு. நிலத்து ஆபீஸ் அதிகாரியும் அழைக்கப்பட்டிருந்தார். எனக்கும் அழைப்பு வந்தது. நான் போகவில்லை. குஞ்சின் குரல் இரண்டு நாளாக மாறியிருந்தது, ஆண் பறவை பழத்தைக் கொடுக்காமல் தூரத்தில் வைத்துக்கொண்டு ஆசை காட்டியது, குஞ்சு வெளியே வரும் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அஸ்மானும் போகவில்லை.

விருந்தன்று வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் சாந்து உள்ளிருந்து உடைந்தது. துண்டு துண்டாக விழுந்தது. தாய் முதலில் வந்தாள். புது இறகு, பறந்து பழக்கம் விட்டுப்போய் முதல் கிளையில் தடுமாறிச் சறுக்கினாள். பிறகு குஞ்சு. ஓட்டையில் நின்று அழுதது, உள்ளே போனது, மறுபடி வந்து நின்றது. அப்பனும் ஆத்தாளும் எதிர் மரத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒருவரும் கிட்டே வந்து தள்ளிவிடவில்லை. அது தானாகக் குதித்தது. விழப்போகிறது என்று நான் எழுந்துவிட்டேன். விழவில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எதிர் மரத்தைப் போய்ப் பிடித்தது. அஸ்மான் சாட்சிக்கென்று தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து அந்த அதிகாரிக்கு நேராக அனுப்பினார். காடு நம் கையில் நின்றது அந்தப் படத்தால்தான்.

நான் டத்தோவுக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே கைத்தட்டல்.

“டத்தோ, குஞ்சு வெளிய வந்துடுச்சு. பறந்துடுச்சு.”

“இப்பவா? இப்பத்தான் நான் மேடைக்குப் போறேன், சாரதா! அதிகாரி, பத்திரிகைக்காரங்க எல்லாம் இங்க இருக்காங்களே!” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “திரும்ப உள்ள போகுமா? எல்லாரையும் கூட்டிக்கிட்டு சாயங்காலத்துக்குள்ள வந்துடறோம்.”

“போகாது டத்தோ” என்றேன்.

போனை அணைத்தேன். அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், அந்தக் கருகிய மரத்தடிக்குப் போய்ச் சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.